பெங்களூர் சம்பளத்தை விட்டு தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சின்னத் தோட்டம்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

நகரத்திலிருந்து வந்து இந்தப் பக்கம் நிலம் வாங்குகிறவர்கள் செய்யும் வேலைகள் பெரும்பாலும் சரியானவைதான், வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் நிலம், உடனே சுற்றி வேலி, வேலிக்குள் ஓட்டு வீடு, வீடு பாதி எழும்பும்போது போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. போரில் தண்ணீர் இல்லை, கல் தூள் புகைதான் வருகிறது என்றதும்தான் மண்ணும் பயிரும் ஞாபகத்துக்கு வரும், அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும். கீழே இருப்பது ஒன்றரை ஏக்கரிலிருந்து மூன்று ஏக்கர் வரை வாங்கி, குடும்பத்தோடு வந்து பயிர் செய்ய நினைப்பவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற பண்ணை வீடு வேண்டும் என்றால் இதில் பாதி தேவைப்படாது.

1. எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு மாவட்டமும் ஒரே மாதிரி கிடையாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப் பகுதி, குளிர்ச்சி. ரோஜாவும் காய்கறியும் நன்றாக வரும், ஆனால் பெங்களூர்க்காரர்கள் வாங்கி வாங்கி நிலத்தின் விலை விவசாயத்தில் திரும்ப எடுக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது. பாலக்கோடு, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கம் தக்காளியும் மாவும், மண்டி கைக்கெட்டும் தூரத்தில். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் வெயில் கூடுதல். மரவள்ளி, மஞ்சள், புளி. பென்னாகரம் பெரும்பாலும் மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் கொல்லை.

எந்தப் பக்கம் போனாலும் சித்திரை, வைகாசியில் போய்ப் பாருங்கள். ஐப்பசியில் எல்லாக் கொல்லையும் பச்சையாகத்தான் இருக்கும், தரகர்களும் அப்போதுதான் கூப்பிடுவார்கள். கோடையில் எந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, எந்தத் தோட்டத்தில் தென்னை மட்டை தொங்கிப்போயிருக்கிறது என்பது தரகர் சொல்லாமலே தெரியும்.

இன்னொன்று, காட்டோரம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், மாரண்டஅள்ளி பக்கம் ராகி முற்றும் கார்த்திகை, மார்கழியில் யானை வரும், காட்டுப்பன்றி வருடம் முழுக்க வரும். விலை குறைவாக, அழகாக, மலையை ஒட்டி ஒரு நிலம் கிடைக்கிறது என்றால் பக்கத்துக் கொட்டாயில் போய் "ராத்திரி காவல் போறீங்களா அண்ணா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அந்த நிலத்தின் குறைந்த விலைக்குக் காரணம் அதுதான்.

2. வாங்குவதற்கு முன் ஒரு பட்டம் குத்தகைக்கு எடுங்கள்

யாரும் கேட்க விரும்பாத அறிவுரை இதுதான், ஆனால் பணத்தை அதிகம் காப்பாற்றுவதும் இதுதான். பிடித்த ஊரிலேயே அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ ஒரு பட்டத்துக்கு, அதாவது ஒரு பயிர்ப் பருவத்துக்கு மட்டும் குத்தகைக்குப் பிடித்து, வேலையில் இருந்துகொண்டே வார இறுதியிலும் விடுப்பிலும் வந்து பயிர் செய்யுங்கள்.

லாபம் பார்க்க இல்லை இது. ஆள் கிடைக்கிறதா, கரண்ட் எப்போது வருகிறது, களை எடுக்க எத்தனை கூலி ஆகிறது, உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்கிறதா என்பதெல்லாம் ஒரே பட்டத்தில் தெரிந்துவிடும். ஊரோடு பழக்கம் வருவதால், நிலம் விற்பனைக்கு வரும் செய்தி தரகரைத் தாண்டி நேரடியாகக் காதுக்கு வரும்.

குத்தகைக்கு விட்டால் உரிமை கேட்டுவிடுவார்களோ என்று நிலக்காரர்கள் பயப்படுவது வழக்கம், 1955-இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சம் கேள்விப்பட்டிருப்பார்கள். அதனால் எந்தப் பயிர், எந்த மாதம் காலி செய்வது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாய்ப்பேச்சில் பிடித்தால் அறுவடை நேரத்தில் சண்டை வரும்.

3. தண்ணீர்க் கணக்கு: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

இங்கே அடியில் கருங்கல். பாறையில் வெடிப்பு இருந்தால் தண்ணீர், இல்லையென்றால் ஆயிரம் அடி போட்டாலும் தூள்தான். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இருக்கிறது என்பது உங்களுக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் சுற்றியுள்ள நாலைந்து போரும் செத்துக்கிடந்தால் அது தெளிவான எச்சரிக்கை.

ஏற்கனவே கிணறோ போரோ உள்ள நிலமாக இருந்தால் கோடையில் அளந்து பாருங்கள். மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அதற்கு அப்புறம் 200 லிட்டர் டிரம்மைப் பிடியுங்கள். ஆரம்பத்தில் வருவது தேங்கிய தண்ணீர், கணக்கில் சேராது. டிரம் ஆறு நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 2,000 லிட்டர்.

அது போதுமா? ஒரு ஏக்கர் முழுக்க 1 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க சுமார் 4,000 லிட்டர் வேண்டும். வளர்ந்த காய்கறிப் பயிருக்கு கோடையில் நாளுக்கு 4 மில்லிமீட்டராவது, அதாவது 16,000 லிட்டர். மணிக்கு 2,000 லிட்டர் வீதம் ஆறு மணி நேரம் ஓடினால் கிடைப்பது 12,000. ஆக, மூன்று ஏக்கர் நிலத்தில் இந்தப் போரை நம்பிக் கோடையில் முக்கால் ஏக்கர்தான் காய்கறி வைக்க முடியும். மிச்சம் மானாவாரியும் மரமும். இந்தக் கணக்கைப் போடாமல் மூன்று ஏக்கருக்கும் சொட்டுநீர்க் குழாய் இழுத்துவிட்டு, அப்புறம் போர் மேல் போர் போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

கிணறு இருந்தால் பத்திரத்தில் பங்கு எவ்வளவு என்று படியுங்கள். "கிணற்றிலும் மின் மோட்டாரிலும் நாலில் ஒரு பாகம்" என்று இருந்தால், நாலு நாளைக்கு ஒரு முறைதான் உங்கள் தண்ணீர். அந்த முறையை யார் யார் எப்படி எடுக்கிறார்கள் என்று மற்ற மூன்று பேரிடமும் பேசாமல் வாங்க வேண்டாம்.

தண்ணீரைப் பரிசோதனைக்கும் கொடுங்கள். இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பல இடங்களில் அதிகம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பயிருக்கு உப்பின் அளவு முக்கியம், குழந்தைகளுக்கு ஃபுளோரைடு முக்கியம். அந்த ஊருக்கு ஒகேனக்கல் குழாய் வருகிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

4. காகிதம் பார்ப்பது: இதற்கும் வரிசை உண்டு

தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், அந்தச் சிக்கல் இல்லை. மற்ற சிக்கல்கள் உண்டு. தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டா நகலை நம்பாமல், சர்வே எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு நீங்களே எடுங்கள்.

முதலில் வருவாய்த்துறையின் இணையதளத்தில் பட்டா (நிலம் யார் பெயரில்), சிட்டா (அவர் நிலங்களின் விவரம்), 'அ' பதிவேடு (நிலத்தின் வகை), புல வரைபடம் (எல்லையும் அளவும்). பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும், 40.5 ஏர் என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், நூறு சென்ட். கூட்டுப்பட்டாவாக இருந்தால் பெயருள்ள அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும், அல்லது முதலில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கித் தரச் சொல்லுங்கள். "கிரயம் ஆனதும் மாத்திக்கலாம் சார்" என்பதற்குத் தலையாட்டினால் அந்த அலைச்சல் முழுக்க உங்களுடையது.

'அ' பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பாருங்கள். புறம்போக்கு, கோயில் நிலம், பூமிதான நிலம், அரசு ஒப்படைப்பு நிலம் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பஞ்சமி நிலம் என்றால் பேச்சே வேண்டாம். அது பட்டியல் சாதியினருக்காக நிபந்தனையோடு கொடுத்த நிலம், மற்றவர் வாங்கிய கிரயம் செல்லாது, வாங்கவும் கூடாது.

அடுத்தது பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், முப்பது வருடமாவது. இதை இலவசமாகவே பார்க்கலாம். அடமானம், பவர் பத்திரம், பாதி விற்ற கதை எல்லாம் இதில் தெரியும். அப்புறம் மூலப் பத்திரங்கள். பூர்வீகச் சொத்தாக இருந்தால் வாரிசுகள் எல்லோரும், பெண் பிள்ளைகள் உட்பட, கையெழுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்குரிமைச் சட்டம் வந்துவிட்டது, இருந்தும் "தங்கச்சிக்கு நகை போட்டாச்சு, அவ கேட்க மாட்டா" என்று சொல்லி அண்ணன் தம்பி மட்டும் வந்து நிற்பார்கள். தங்கை கேட்பார். அவர் கேட்கும்போது நிலம் உங்கள் பெயரில் இருக்கும்.

கடைசியாக கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) அலுவலகத்தில் அடங்கல். அந்த சர்வே எண்ணில் யார் என்ன பயிர் வைத்தார்கள் என்ற வருடக் கணக்கு அது. ஆறேழு வருடமாகத் தரிசு என்று இருந்தால் ஏன் என்று ஊரில் விசாரியுங்கள், பெரும்பாலும் தண்ணீர் அல்லது தகராறு.

இவ்வளவையும் பார்த்த பிறகு ஒரு வழக்கறிஞரிடம் கொடுங்கள், விற்பவர் சொல்லும் வழக்கறிஞரிடம் வேண்டாம்.

5. வழி, அளவு, பதிவு

புல வரைபடத்தில் வண்டிப்பாதை வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். "எங்க அப்பா காலத்துல இருந்து இந்த வரப்பு மேலதான் போறோம்" என்பது ஊர்க்காரருக்குச் செல்லும், வெளியூரிலிருந்து வாங்கியவருக்குச் செல்லாது. பாதை இல்லையென்றால் பக்கத்து நிலக்காரரோடு வழியுரிமையை எழுதிப் பதிந்துகொள்ளுங்கள். டிராக்டர் போகும் அகலம் வேண்டும், நடைவழி போதாது.

நிலத்தை அரசு சர்வேயரை வைத்து அளந்து, பக்கத்து நிலக்காரர்கள் முன்னிலையில் கல் நட்ட பிறகு மீதிப் பணம். அளப்பதற்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. இருபது லட்சத்துக்கு 1.8 லட்சம். பத்து லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும், இது 2025 ஏப்ரலில் வந்தது. பத்திரம் முடிந்ததும் பட்டா பெயர் மாற்றமும், இருக்கிற மின் இணைப்பின் பெயர் மாற்றமும் தொடர்ந்து முடியுங்கள். மானியம் எதுவானாலும் பட்டா உங்கள் பெயரில் இருந்தால்தான்.

6. வாங்கிய பிறகு: மண், தண்ணீர், அப்புறம்தான் வேலி

மண் மாதிரியை வாங்கிய வாரமே எடுங்கள். எரு கொட்டிய இடம், வரப்பு, மர நிழல் தவிர்த்து பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு 'வி' மாதிரி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து அரைக்கிலோ. மரம் வைக்கப்போகும் இடத்தில் மூன்றடி வரை அடுக்கு அடுக்காகத் தனித்தனியே எடுக்க வேண்டும், வேர் அங்கேதான் போகும். கட்டணம் ஒரு டீ, வடை செலவுதான். பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் முடிவைக் காட்டிப் பேசலாம், பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமும் பக்கம்தான்.

புதிதாகப் போர் போட வேண்டியிருந்தால் வேளாண் பொறியியல் துறையில் நிலத்தடி நீர் ஆய்வுக்கு எழுதிக் கொடுங்கள், குறைந்த கட்டணத்தில் கருவி வைத்துப் பார்ப்பார்கள். தேங்காய் வைத்துப் பார்ப்பவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், ஊர் மனசுக்கு. ஊராட்சி அனுமதி வாங்குங்கள். முக்கியமானது: போர் வண்டி வருவதற்கு முன்பே எத்தனை அடியில் நிறுத்துவது என்று முடிவு செய்து எழுதி வையுங்கள். ஆழம் போகப் போக அடிக்கு விலை ஏறும், "இன்னும் நூறு அடி பார்க்கலாம்ணா" என்று நள்ளிரவில் கேட்கும்போது யோசிக்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள். தண்ணீர் வராமல் வீணாய்ப்போன போரை அன்றே மூடுங்கள்.

இலவச விவசாய மின் இணைப்புக்கு உடனே பதிந்து வையுங்கள், ஆனால் வரிசை நீளம். காத்திருக்க முடியாதவர்கள் மானியத்தில் சூரிய சக்தி பம்பு கேட்கலாம், அதுவும் வேளாண் பொறியியல் துறைதான். விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்காதீர்கள், அபராதம் கட்ட வேண்டி வரும்.

சொட்டுநீருக்கு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. இதற்கு சிறு, குறு விவசாயி சான்று வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். விவசாயிக்கான தனி அடையாள எண்ணும் எடுத்து வையுங்கள். மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பிஎம் கிசான் பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு கிரயம் வாங்கியவர்களுக்கு அது கிடையாது.

வேலி பிறகு. கருங்கல் தூண் இங்கே சுலபமாகக் கிடைக்கும், அதில் முள்கம்பி, ஓரத்தில் கிளுவைக் குச்சி நட்டால் மூன்று நாலு வருடத்தில் உயிர்வேலி. எந்தக் காரணம் கொண்டும் நேரடி மின்சாரம் பாய்ச்சாதீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படிப் போட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன, மனிதர்களும் சாகிறார்கள். சூரிய மின்வேலிக்கும் இப்போது காட்டோரத்தில் வனத்துறைப் பதிவு வேண்டும்.

வீட்டை முதல் வருடம் கட்டாதீர்கள். ஊரில் வாடகைக்கு இருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் அஸ்திவாரம் போட்ட வீடுகள் இங்கே நிறைய.

7. முதல் பயிர்: தக்காளி வேண்டாம்

வருகிற எல்லோரும் தக்காளியில்தான் கண் வைப்பார்கள். 2023 ஜூலையில் கடையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, செப்டம்பரில் அதே தக்காளி பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. நாற்று, குச்சி, கயிறு, மருந்து, பறிப்புக் கூலி என்று முன்பணம் அதிகம் கேட்கும் பயிர் அது. மண்டி விலையை ஒரு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கே சூதாட்டம், புதியவருக்குக் கேட்கவே வேண்டாம்.

கோடை மழை விழுந்ததும் பல தானிய விதைப்பு செய்யுங்கள். ஏக்கருக்கு இருபது கிலோவுக்குக் குறையாமல் தானியம், பயறு, எண்ணெய் வித்து, சணப்பு கலந்து விதைத்து, பூவெடுக்கும் நேரத்தில், 45-50 நாளில், மடக்கி உழுதுவிடுங்கள். பல வருடம் தரிசாகக் கிடந்த செம்மண்ணில் மட்கே இருக்காது, இது இல்லாமல் போடுகிற உரம் மழையோடு போய்விடும்.

அதன் மேல் ஆடிப் பட்டத்தில் ராகி. நடவாக இருந்தால் ஏக்கருக்கு 2 கிலோ விதை, 18-20 நாள் நாற்று. இடையிடையே அவரையும் துவரையும் தனி வரிசையாகச் சால் விட்டுப் போடுங்கள். மழை ஏமாற்றினாலும் அவரையாவது கைக்கு வரும், ஊர்க்காரர்கள் காலகாலமாகச் செய்வதும் அதுதான். பட்டம் தவறிவிட்டால் ராகியைப் பிடித்து இழுக்காமல் புரட்டாசியில் கொள்ளு விதைத்துவிடுங்கள். அரசு இரண்டு மாவட்டத்திலும் ராகி கொள்முதல் செய்கிறது, 2024-25-க்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாயாக இருந்தது. பெரிய லாபம் இல்லை, ஆனால் உழவு, களை, ஆள், அறுவடை, விற்பனை எல்லாவற்றையும் குறைந்த செலவில் கற்றுக்கொடுக்கும் பயிர் வேறு இல்லை.

மாடு முதல் வருடம் வேண்டாம். மாடு வந்தால் ஒரு நாள்கூட வெளியூர் போக முடியாது. ஆடு வேண்டும் என்றால் சேலம் கருப்பு இரண்டு மூன்று குட்டி, குந்தாரப்பள்ளி சந்தையில் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிப்போய் வாங்குங்கள்.

8. மரம்

மா வைப்பதானால் குழியை முன்கூட்டியே வெட்டி ஆறவிட்டு, ஆடி, ஆவணி மழையில் நடுங்கள். ஒட்டுக் கன்றுக்கு சந்தூர் பக்கம் போகலாம். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், கீழே தளிர்ப்பதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் காட்டு மா வளரும். முதல் மூன்று வருடப் பூவை உதிர்த்துவிடுங்கள். முழுத் தோட்டத்தையும் பெங்களூரா ரகமாக வைக்காதீர்கள். அது கூழ் ஆலைகளை நம்பிய காய், 2025 கோடையில் ஆலைகள் கையை விரித்தபோது விலை எப்படி விழுந்தது என்று கிருஷ்ணகிரி மா விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்வார். வீட்டுச் சாப்பாட்டுக்கு விலைபோகும் ரகங்களைக் கலந்து வையுங்கள்.

9. ஆளும் சந்தையும்

இளவட்டம் ஓசூர் சிப்காட் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறது, தோட்ட வேலைக்கு வருவது நடுவயதைத் தாண்டிய பெண்கள்தான். நகரத்துக்காரர் என்று ஊர்க் கூலியைவிட ஐம்பது நூறு கூட்டிக் கொடுக்காதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு நீங்கள் முதல் எதிரி ஆவீர்கள். ஊர்க் கூலியைக் கொடுத்து, அன்றைக்கே கையில் கொடுத்து, டீ நேரத்தை மதியுங்கள், அடுத்த முறை கூப்பிட்டால் வருவார்கள். உழவுக்கு உழவன் செயலி வழியாக வேளாண் பொறியியல் துறை டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்குப் பதியலாம், பருவ நேரத்தில் வரிசை இருக்கும் என்பதால் முன்னாலேயே பதியுங்கள்.

விற்பனையை விதைப்பதற்கு முன் பாருங்கள். தருமபுரியிலும் ஓசூரிலும் உழவர் சந்தை இருக்கிறது, கமிஷன் கிடையாது. நிலத்தைப் பார்த்துவிட்டு விவசாயி அட்டை கொடுப்பார்கள், அதற்கு நேரமாகும். மண்டிக்குப் போவதானால் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்காதீர்கள், வாங்கினால் விளைந்ததை அவரிடம்தான் போட்டாக வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான்.

10. ராஜினாமா எப்போது

குத்தகைப் பட்டம், நிலம், தண்ணீர், முதல் ராகி எல்லாம் முடிந்த பிறகு. அதற்கு முன் மூன்று விஷயம் தயாராக இருக்க வேண்டும்.

முதலாவது, நிலத்துக்கும் போருக்கும் ஒதுக்கியது போக, இரண்டு வருட வீட்டுச் செலவு தனிக் கணக்கில். தோட்டத்துக்கு அவசரம் என்று அதில் கை வைக்கக் கூடாது, தோட்டத்துக்கு எப்போதும் அவசரம்தான்.

இரண்டாவது, மருத்துவக் காப்பீடு. கம்பெனிக் காப்பீடு வேலையை விட்டதும் நின்றுவிடும், புதிதாக எடுக்கும் பாலிசியில் ஏற்கனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதனால் நிலம் தேட ஆரம்பிக்கும்போதே சொந்தப் பாலிசி எடுங்கள், காத்திருக்கும் காலம் வேலையில் இருக்கும்போதே ஓடிவிடும்.

மூன்றாவது, கடன். வீட்டுக் கடன், கார் கடன், தனிநபர் கடன் எதற்காவது மாதத் தவணை ஓடிக்கொண்டிருந்தால் ராஜினாமாவைத் தள்ளிப்போடுங்கள். ராகி நான்கு மாதம் கழித்துத்தான் பணம் தரும், மா வருடத்துக்கு ஒரு முறை. வங்கி மாதா மாதம் கேட்கும்.